பகலில் தொடங்கி இரவில் முடியும் ஊர்வலத்தை டைம்லாப்ஸ் எடுப்பது: ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

வாசகர் கேள்வி, மார்ச் 4, மாலை 6.10

மாலை 4 மணி முதல் இரவு 8 மணி வரை நடந்த ஒரு சமய ஊர்வலத்தை மாடியிலிருந்து டைம்லாப்ஸாக, அதாவது இடைவெளி விட்டுப் படமெடுத்து வேகமாக ஓட்டும் காட்சியாக, எடுத்தேன். கேமராவை அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் (லென்ஸ் துளையின் அளவான அப்பர்ச்சரை நாம் வைக்க, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கேமரா முடிவு செய்யும் முறையில்) வைத்து, 5 வினாடிக்கு ஒரு படம் என்று ஓடவிட்டேன். ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் துடிக்கிறது. மக்கள் தத்தித் தத்தித் தாவுகிறார்கள். இருட்டிய பிறகு வேறு யாரோ எடுத்த காட்சி போல ஆகிவிடுகிறது. வெளிச்ச மாற்றத்தைச் சமாளிப்பதுதான் இதில் முழுச் சிக்கலும் என்று நினைக்கிறேன். சரிதானா?

மார்ச் 4, இரவு 9.40

சரிதான் என்றே சொல்வேன். காட்சியின் வெளிச்சத்தை ஈவி என்ற எண்ணாலும், கேமராவின் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ என்ற எண்ணாலும் சொல்வார்கள். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100க்கு ஈவி 15 என்றால், மாலை 4 மணியளவில் கட்டட நிழல் விழுந்த தெருவில் அது 13 அல்லது 12 ஆக இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் வரும் இரவு ஊர்வலத்தில் 5 வரை இறங்கிவிடும். ஒவ்வோர் எண் இறங்கும்போதும் ஒளி பாதியாகிறது; அந்த ஒரு படியை ஒரு ஸ்டாப் என்பார்கள். ஈவி 13இலிருந்து 5 வரை எட்டு ஸ்டாப், அதாவது 256 மடங்கு வேறுபாடு. இதைக் கேமராவின் தானியங்கி அளவீட்டிடம் ஒப்படைத்தால், வெள்ளை உடை அணிந்த ஒரு குழு படச் சட்டத்துக்குள் வந்ததும் படத்தை இருட்டாக்கும். அவர்கள் கடந்து போனதும் மீண்டும் வெளுப்பாக்கும். நீங்கள் கண்ட துடிப்பில் பாதி அதுவே. மேனுவலில் வைத்து, படத்தில் இருளும் ஒளியும் பரவியிருப்பதைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்து நீங்களே படிப்படியாக மாற்றுங்கள்.

இன்னொன்று. ஊர்வலம் வழியில் நின்றுவிடும் நேரங்களைத் தொகுப்பில் வெட்டிவிடுங்கள். அசைவில்லாத பகுதி பார்ப்பவரைச் சோர்வடையச் செய்யும்.

மார்ச் 5, காலை 7.15

துடிப்பின் மறுபாதியை நேற்று சொல்ல மறந்துவிட்டேன். இன்றைய லென்ஸ்களில் அப்பர்ச்சரின் இதழ்கள் ஒவ்வொரு படத்துக்கும் மூடித் திறக்கின்றன. துளையை f/8 என்ற அளவில் வைத்தாலும் ஒவ்வொரு முறையும் அவை மயிரிழை வித்தியாசத்தில்தான் நிற்கும். தனிப் படத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. வினாடிக்கு 24 படங்களாக ஓடும்போது நடுக்கமாகத் தெரியும். கையால் திருகும் அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் இதழ்கள் வைத்த இடத்தில் அப்படியே நிற்கும். நான் அத்தகைய லென்ஸைத்தான் பயன்படுத்துகிறேன். அது இல்லையென்றால் அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து வைக்கலாம். ஆனால் பகலில் ஒளி மிகுந்துவிடும் என்பதால் அதற்கு ஃபில்டர் தேவைப்படும்.

மார்ச் 5, இரவு 10.30

பகல் முழுதும் உங்கள் கேள்வியே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று நான் ‘சரிதான்’ என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். வெளிச்ச மாற்றம் முழுச் சிக்கல் அன்று. அதன் பெரும்பகுதியைக்கூடப் பின்னால் கணினியில் திருத்திவிட முடியும். திருத்தவே முடியாதது ஒன்று இருக்கிறது: மனிதர்களின் அசைவு படத்தில் பதியும் விதம்.

நீங்கள் அப்பர்ச்சரை நிலையாக வைத்து ஷட்டரைக் கேமராவிடம் விட்டிருக்கிறீர்கள். வெயிலில் அது 1/500 வினாடியில் திறந்து மூடியிருக்கும். சாதாரணமாக நடப்பவர் வினாடிக்கு ஏறத்தாழ 1.3 மீட்டர் நகர்கிறார் என்று கொண்டால், அந்த 1/500 வினாடியில் அவர் நகர்ந்தது 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. எனவே கூர்மையாக உறைந்து நிற்கிறார். அடுத்த படம் 5 வினாடி கழித்து வருகிறது. அதற்குள் அவர் ஆறரை மீட்டர் தள்ளிப் போய்விட்டார். இரண்டு உறைந்த உருவங்களுக்கு நடுவே கண்ணுக்குப் பிடிப்பு எதுவும் இல்லை. தாவுவது போலத் தெரிவது இதனால்தான். இருட்டிய பிறகு அதே கேமரா ஷட்டரை ஒரு வினாடி, இரண்டு வினாடி என்று நீட்டியிருக்கும். அப்போது மனிதர்கள் கரைந்து, விளக்குகள் கோடுகளாகி, தெரு ஓர் ஆறு போல ஓடத் தொடங்கியிருக்கும். ஒரே மாலைக்குள் இரண்டு இயல்புகள். வேறு யாரோ எடுத்தது போல ஆகிவிடுகிறது என்று நீங்கள் எழுதியதன் காரணம் இதுவே.

ஆகவே என் விடை இப்படி மாறுகிறது: தொடக்கம் முதல் இறுதி வரை ஷட்டரை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்றபடி வளைக்க வேண்டும். நான் அரை வினாடியைத் தேர்ந்தெடுக்கிறேன். அரை வினாடியில் ஒருவர் 65 சென்டிமீட்டர் நகர்கிறார். நடை இழுபட்டுத் தெரியும், ஆனாலும் மனித உருவம் அழியாது. ஒரு வினாடிக்குப் போனால் கூட்டம் புகையாகிவிடும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு ஊர்வலத்தில் போகிறவர்கள் மனிதர்களாகத் தெரிய வேண்டும்.

மார்ச் 7, பிற்பகல் 2.20

வெயில் வெளிச்சத்தில் அரை வினாடி எப்படி முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். லென்ஸுக்குள் போகும் ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்டி ஃபில்டர் மூலமே முடியும். கணக்கை முழுதாகவே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அப்பர்ச்சர் f/8. ஷட்டர் அரை வினாடி. இரண்டையும் இரவு வரை தொடுவதில்லை. லென்ஸின் முன் மூன்று ஸ்டாப் ஃபில்டர்கள் இரண்டு, அதாவது என்டி8 என்று விற்கப்படுபவை. இரண்டும் சேர்ந்து ஆறு ஸ்டாப்.

மாலை 4 மணிக்கு ஈவி 13 என்றால், ஃபில்டர் இல்லாமல் f/8, ஐஎஸ்ஓ 100க்கு 1/125 வினாடி வேண்டும். ஆறு ஸ்டாப்பைச் சேர்த்தால் சரியாக அரை வினாடி வருகிறது. ஒளி குறையக் குறைய ஐஎஸ்ஓவை மூன்றில் ஒரு ஸ்டாப் வீதம் ஏற்றிக்கொண்டே போகிறேன். ஈவி 10க்கு வரும்போது ஐஎஸ்ஓ 800 ஆகியிருக்கும். அங்கே ஒரு ஃபில்டரைக் கழற்றி ஐஎஸ்ஓவை 100க்கு இறக்குகிறேன். எட்டு மடங்கு ஒளி கூடுகிறது, எட்டு மடங்கு உணர்திறன் குறைகிறது. படத்தின் வெளிச்சத்தில் மாற்றம் இல்லை. மீண்டும் ஏறத் தொடங்கி, ஈவி 7இல் இரண்டாம் முறையாக 800ஐத் தொடும்போது மற்ற ஃபில்டரையும் கழற்றி மறுபடி 100க்கு வருகிறேன். அதன் பின் ஈவி 5 வரை இறங்கினாலும் ஐஎஸ்ஓ 400 போதும். எட்டு ஸ்டாப் தூரத்தையும் 800க்கு மேல் போகாமலே கடந்துவிடுகிறோம். இருட்டுப் பகுதியில் மணல் தூவியது போல இரைச்சல் புள்ளிகள் தெரிவதும் இல்லை.

மார்ச் 7, பிற்பகல் 2.45

மேலே எழுதியதில் ஒரு சேர்க்கை. திருகிக் கழற்றும் ஃபில்டர் இதற்கு ஆகாது. எவ்வளவு மெதுவாகத் திருகினாலும் கேமரா மயிரளவாவது திரும்பிவிடும். காந்த வளையம் கொண்ட ஃபில்டர்களை வாங்குங்கள். சுழற்றி ஒளியைக் கூட்டிக் குறைக்கும் மாறு என்டியும் வேண்டாம். அகன்ற கோண லென்ஸில் அதன் முழு அளவுக்கு அருகே போனால் வானத்தில் பெருக்கல் குறி போன்ற ஒரு கருநிழல் விழும்.

மார்ச் 9, இரவு 8.05

இடைவெளி பற்றி. 5 வினாடி மேகங்களுக்கு நல்லது, நடப்பவர்களுக்கு நீளம். 2 வினாடி என்பதே என் பரிந்துரை. நான்கு மணி நேரத்துக்கு 7,200 படங்கள் வரும். வினாடிக்கு 24 வீதம் ஓடினால் சரியாக 5 நிமிடம். கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பு ஒன்று 25 எம்பி என்றால் மொத்தம் 180 ஜிபி. கார்டு ஒன்றே போதுமா என்று முன்கூட்டியே பாருங்கள். நடுவில் கார்டு மாற்றுவதும் பேட்டரி மாற்றுவதும் முக்காலியை அசைக்கும். பேட்டரி இடத்தில் பொருத்தும் மின்கம்பி இணைப்பான டம்மி பேட்டரி வழியாக வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்பதே நிம்மதி. மெக்கானிக்கல் ஷட்டரின் ஆயுளைப் பொதுவாக ஒன்று முதல் இரண்டு லட்சம் முறை என்று சொல்வார்கள். ஒரே மாலையில் 7,200 முறை அடித்தால் சில பருவங்களிலேயே அது தேய்ந்துவிடும். அரை வினாடிப் பதிவில் எலெக்ட்ரானிக் ஷட்டரைத் தயங்காமல் பயன்படுத்தலாம். எல்இடி விளக்குகளால் வரும் பட்டைகள் வேகமான ஷட்டரில்தான் தலைகாட்டும். அரை வினாடிக்குள் அந்த விளக்குத் துடிப்புகள் பல பத்து முறை நடந்து சமன்பட்டுவிடும்.

நீண்ட பதிவு மனிதர்களை என்ன செய்யும் என்பதற்குப் புகைப்படக் கலையின் தொடக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 1838இல் லூயி டாகெர் பாரிஸின் புலவார் தூ தாம்ப்ல் தெருவை மேல்மாடி ஜன்னலிலிருந்து எடுத்தார். பதிவு பல நிமிடங்கள் நீடித்ததால், தெருவில் போய்க்கொண்டிருந்த வண்டிகளும் மனிதர்களும் தடமே இல்லாமல் மறைந்துவிட்டனர். காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள ஒரே இடத்தில் நின்ற ஒருவரின் உருவம் மட்டும் தகட்டில் தங்கியது. உயரமான இடத்திலிருந்து ஒரு தெருவைப் பார்த்துக் கேமரா வைக்கும்போதெல்லாம் அந்தப் படம் எனக்கு நினைவுக்கு வரும்.

மார்ச் 12, காலை 6.50

நானே அனுபவித்த இரண்டு இழப்புகளைச் சொல்கிறேன். உங்களுக்கு அவை நேர வேண்டாம்.

முதலாவது, ஆட்டோஃபோகஸை அணைக்காமல் விட்டது. ஊர்வலம் நெருங்கியபோது புகை சட்டத்தை மறைத்தது. லென்ஸ் பிடிப்பு கிடைக்காமல் முன்னும் பின்னும் தேடி, கடைசியில் எதிரே இருந்த மின்கம்பியில் போய் நிலைத்தது. அடுத்த நாற்பது நிமிடப் படங்களில் கம்பி மட்டுமே கூர்மையாக இருந்தது. இப்போதெல்லாம் பகல் வெளிச்சத்திலேயே ஃபோகஸைப் பிடித்து, மேனுவலுக்கு மாற்றி, வளையத்தின் மேல் ஒட்டுநாடாவும் ஒட்டிவிடுகிறேன்.

இரண்டாவது, நீண்ட பதிவுக்கான இரைச்சல் நீக்கத்தை அணைக்காமல் விட்டது. ஒரு வினாடியும் அதற்கு மேலும் ஷட்டரை நீட்டி முயன்ற காலம் அது. ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் கேமரா அதே அளவு நேரம் மூடிய ஷட்டரோடு ஒரு கருப்புப் படம் எடுத்து ஒப்பிடும். அந்த நேரத்தில் அடுத்த படத்துக்கான கட்டளை வந்தால் தவறவிட்டுவிடும். இருட்டிய பிறகு வந்திருக்க வேண்டிய படங்களில் பாதிதான் கார்டில் இருந்தன. ஓட்டியபோது, இருட்டியதும் ஊர்வலம் திடீரென்று இரட்டை வேகத்தில் ஓடத் தொடங்கியது போலத் தெரிந்தது.

லென்ஸின் அசைவு தாங்கியையும் (ஸ்டெபிலைசரையும்) அணைத்துவிடுங்கள்.

மார்ச் 12, இரவு 9.15

இடம் தேர்வு பற்றிக் கேட்டீர்கள். தெருவுக்கு நேர் மேலே இருப்பதை விட, தெரு வளைந்து வரும் முனையைப் பார்க்கும் மாடி நல்லது. ஊர்வலம் தொலைவிலிருந்து வளர்ந்து வர வேண்டும். சட்டத்தில் வானம் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். வானம் இல்லாவிட்டால் பகல் இரவானதைச் சொல்ல எதுவும் இருக்காது.

வானத்தின் நீலமும் தெரு விளக்குகளின் மஞ்சளும் ஒரே அளவு பிரகாசத்தில் சந்திக்கும் சில நிமிடங்கள்தான் முழுப் படத்தின் நடுநாடி. தெளிந்த வானத்தில் சூரியன் மறையும்போது தரையில் ஏறத்தாழ 400 லக்ஸ் ஒளி இருக்கும். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்போது மூன்று, நான்கு லக்ஸ்தான் மிஞ்சும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் இந்த வீழ்ச்சி முழுதும் 20 முதல் 25 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். துருவங்களை நோக்கிப் போகப் போக அந்த நேரம் நீளும். அந்த இடைவெளியில் கேமராவை விட்டு நகரவே கூடாது. ஊர்வலம் உங்கள் முனையை எத்தனை மணிக்குக் கடக்கும் என்பதை நடத்துபவர்களிடம் முன்பே கேட்டு, அந்த நிமிடங்களோடு அது பொருந்தும் முனையைத் தேடுங்கள். நான் மூன்று முறை இடம் மாற்றியிருக்கிறேன்.

முக்காலியைத் தெருவில் வைப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். அது வழிபாடு நடக்கும் பாதை. மாடியில் இருந்தாலும் கேமராவின் பின்திரையை அணைத்துவிடுங்கள். கீழே விளக்கேந்தி வருபவர்களின் கண்ணை உறுத்தும் ஒரு நீல வெளிச்சம் மேலே தேவையில்லை. திரையை அணைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. இருட்டில் அந்தத் திரை எந்தப் படத்தையும் பிரகாசமாகக் காட்டி ஏமாற்றும். தேவைப்படும்போது திறந்து ஹிஸ்டோகிராமை மட்டும் பாருங்கள்.

மார்ச் 15, இரவு 11.20

முதல் நாள் எழுதிய ஒரு வாக்கியத்தை இன்று முழுதாக மறுக்க வேண்டியிருக்கிறது. ஊர்வலம் நிற்கும் நேரங்களை வெட்டிவிடச் சொல்லியிருந்தேன். தயவுசெய்து வெட்டாதீர்கள்.

நேற்று ஓர் ஊர்வலத்தை இங்கே எழுதிய அதே முறையில் எடுத்தேன். இரண்டாவது ஃபில்டரைக் கழற்ற வேண்டிய நேரம் நெருங்கியபோது, திருவுருவத்தைச் சுமந்து வந்தவர்கள் என் மாடிக்கு நேர் எதிரே தோள்மாற்றிக்கொள்ள நின்றார்கள். கூட்டத்தின் வேகம் முன்னால் தடைப்பட்டிருந்ததால் அந்த நிறுத்தம் 11 நிமிடம் நீண்டது. நல்ல நேரம் வீணாகிறதே என்று எனக்குப் பதற்றம். நீலம் போய்க்கொண்டிருந்தது. ஷட்டர் மூடும் சத்தம் எலெக்ட்ரானிக்கில் கேட்காது என்பதால், கேமராவின் சிறு சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டு, அது அணைந்ததும் ஃபில்டரின் விளிம்பை இரண்டு விரல்களால் பிடித்து நேராக முன்னால் இழுத்தேன். காந்தம் விட்ட கணத்தில் முக்காலி நடுங்கியதா என்று பார்த்தேன், நடுங்கவில்லை. ஐஎஸ்ஓவை இறக்கி முடிப்பதற்குள் ஐந்து படங்கள் வெளுத்துப் போயின.

இன்று ஓட்டிப் பார்த்தேன். அந்த 11 நிமிடம் 330 படங்களாக, ஏறத்தாழ 14 வினாடியாக இருக்கிறது. திருவுருவம் அசையாமல் நிற்கிறது. அதைச் சுற்றிப் பக்கவாட்டில் மக்கள் நகர்ந்து நகர்ந்து மெல்லிய திரையாக ஆகிறார்கள். வானம் நீலத்திலிருந்து கருநீலத்துக்கு மாறுகிறது. தெருவின் இடது ஓரத்தில் ஒரு மூதாட்டி, கையில் ஒரு சிறு விளக்கோடு, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இடத்தில் நிற்கிறார். 330 படங்களிலும் அவர் கூர்மையாக இருக்கிறார். காற்று வரும்போது இடது கையைச் சுடருக்கு முன்னால் கொண்டுவருகிறார், பிறகு எடுக்கிறார், மீண்டும் கொண்டுவருகிறார். ஓட்டத்தில் அது ஓர் இமை மூடித் திறப்பது போலத் தெரிகிறது. எடுக்கும்போது நான் அவரைக் கவனிக்கவே இல்லை.

ஊர்வலம் தொடர்ந்து போவது என்று நான் இத்தனை நாள் எண்ணியிருந்தேன். அது போவதும் நிற்பதுமானது. வெட்டியிருந்தால் ஒரு போக்குவரத்து மட்டுமே மிஞ்சியிருக்கும்.

மார்ச் 16, மாலை 5.30

தொகுப்பு பற்றிச் சுருக்கமாக. படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸை) தானியங்கியில் விடாமல் பகல் வெளிச்ச அளவில், 5,200 கெல்வினை ஒட்டி, நிலையாக வைத்து எடுங்கள். ரா கோப்பாக இருப்பதால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். எல்ஆர்டைம்லாப்ஸ் போன்ற மென்பொருள்கள் ஐஎஸ்ஓ ஏறிய இடங்களைக் கோப்பின் தகவலிலிருந்து படித்து, படிக்கட்டாக இருப்பதைச் சரிவாக மாற்றிவிடும். ஆனால் ஃபில்டர் கழற்றியதைக் கோப்பு அறியாது. ஐஎஸ்ஓ மூன்று ஸ்டாப் விழுந்திருப்பதை மட்டும் பார்த்து, அந்த இடத்தில் தவறாக ஈடுசெய்ய முயலும். அங்கே மட்டும் கையால் திருத்துங்கள். இரவுப் பகுதியில் நிறத்தை முழுதாக வெள்ளைக்குக் கொண்டுவர முயலாதீர்கள். சுடர் மஞ்சளாக இருக்கட்டும்.

மார்ச் 16, மாலை 5.40

கழற்றும்போது வெளுத்துப் போகும் ஐந்து படங்களை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நீக்கிவிடலாம்; ஓட்டத்தில் அது வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். கூட்டம் அடர்ந்து நகரும் நேரத்தில் கழற்றினால் தாவல் தெரியவே தெரியாது. நேற்று முன்தினம் நான் நிறுத்தத்தின் நடுவில் கழற்றியது அந்த வகையில் பிழை. மூதாட்டியின் கை அங்கே ஒருமுறை சட்டென்று குதிக்கிறது.

மார்ச் 21, இரவு 10.10

நீங்கள் அனுப்பிய புதிய பதிவைப் பார்த்தேன். துடிப்பு இல்லை. நடை ஒரே சீராக இருக்கிறது. பகலும் இரவும் ஒரே மாலைக்குள் நிற்கின்றன. 2 நிமிடம் 40 வினாடியில் முனையருகே ஊர்வலம் நிற்கும்போது நீங்கள் வெட்டாமல் விட்டிருப்பதைக் கவனித்தேன். அந்த இடத்தில் வலது மேல்மூலையில், மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு சிறுவன் கன்னத்தைக் கைகளில் ஊன்றிக் கொண்டிருக்கிறான். ஊர்வலம் கிளம்பிய பிறகும் அவன் இருபது படங்கள் அப்படியே இருக்கிறான். சட்டத்தின் விளிம்பு அவன் தோளை வெட்டுகிறது. அடுத்த முறை கேமராவை ஒரு விரற்கடை வலப்பக்கம் திருப்பி வையுங்கள்.